மாற்றுக் குறிப்பு

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
தோற்றது என் பக்கம்.
சங்க அறை மின்விசிறியில் சீட்டுகள் பறக்காமலிருக்க
யாரோ மேலே கைபேசியை வைத்திருந்தார்கள்.
எண்ணி முடிக்கும்வரை
அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

நீதிபதிகளை அமர்த்துவது யார் என்கிற
புது மசோதாவை எதிர்த்து
திங்கள் முதல் புதன் வரை கோர்ட்டுக்குள் போவதில்லை.
முன்மொழிந்தவர் வேதாளை களஞ்சியம்.
பதினாறு வருடமாக
மாலை ஐந்தே முக்கால் பஸ்ஸில்
எனக்குப் பக்கத்து இருக்கை.

என்னோடு சேர்ந்து தோற்ற முப்பத்தேழு பேரில்
பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது.
முடிவு தெரிந்ததும் ஒரு தலைவர் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.
ஜெயித்தவர்கள் வேறொரு பேரை.
எனக்கு எந்தத் தலைவரும் வேண்டாம்.
எனக்கு ஒரு படகு வேண்டும்.

மண்டபத்தில், மீன்துறை ஆபீசுக்குப் பின்னால் கிடக்கிறது.
வழக்குச் சொத்து.
அடிப்பலகையைப் பிளந்து
சீமைக்கருவேலம் மேலேறிவிட்டது.
அணியத்தில் யாரோ ஆடு கட்டுகிறார்கள்.
வாய்தாவுக்கு வாய்தா மிக்கேலம்மாள் வருகிறாள்,
ஃபீஸ் என்று நினைத்துக்கொண்டு
பாலித்தீன் பையில் நகரை மீன் தருகிறாள்.
நாலு நீதிபதிகள் மாறிவிட்டார்கள்.
நடுவே பதினேழு மாதம்
நாற்காலி மட்டும் வழக்கைக் கேட்டது.

உச்சிப்புளி தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.
கச்சான் காற்று
ஜன்னல் ரப்பரை அடித்துக்கொண்டே வந்தது.

"எங்க அண்ணனை ராத்திரி ரெண்டு மணிக்குக்
கூட்டிட்டுப் போனாங்க, உங்களுக்கே தெரியும்" என்றார்.
"வெளிய விட்டது ஒரு ஜட்ஜ்.
அவருக்கு நாற்காலி போட்டது
ஒரு மந்திரியா இருந்திருந்தா?"

"போட்டது யாருன்னு
உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.
மூடின ரூம். உள்ள யாரு மாமன், யாரு மருமகன்?
நல்லவர் வந்தது உங்க அதிர்ஷ்டம் சார்.
ஏற்பாடு இல்ல."

"கதவைத் திறக்கச் சொல்லுங்க, கூட வந்து தட்டுறேன்.
நீங்க சாவியவே
அவங்க கையில குடுக்கச் சொல்றீங்க, ஜெசிந்தா."

என்னிடம் பதில் இருந்தது. பாதிப் பதில்.
மரைக்காயர்பட்டினத்தில்
இரண்டு கருவாட்டுக் கூடைகள் ஏறின.
கால் ஒதுக்கி, பை ஒதுக்கி உட்கார்ந்தபோது
அந்தப் பாதியும் எங்கேயோ போயிருந்தது.

தோற்றவர்கள் தங்கள் மறுப்பைத்
தீர்மானத்தோடு இணைக்கலாம் என்று
சங்க விதியில் ஒரு வரி உண்டு.
யாரும் படித்ததில்லை.
போன வாரம் எனக்குக் காட்டியதே அவர்தான்,
ஜெயிப்போம் என்று தெரிந்த தெம்பில் இருக்கலாம்.
எழுதி வைத்திருந்ததை நீட்டினேன்.
பஸ் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளை மூக்கருகே வைத்துப் படித்தார்.

"ஒன்பது வருஷம்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க.
எத்தனை வாய்தான்னு போடுங்க."

நூற்றிப் பதினாலு, என்றேன்.

கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.
வெளியே ஒன்றும் இல்லை. உடை மரங்கள், இருட்டு.

"அதுல பதினொண்ணு
நாம கோர்ட்டைப் புறக்கணிச்ச நாள்.
அதையும் போடுங்க."

திங்கட்கிழமை பன்னிரண்டு ஆகும், என்றேன்.
படகு வழக்கு அன்றைக்குத்தான்.

"தெரியும்."

தெரிந்தும் வாசலில் நிற்பார், கறுப்புத் துணி கட்டி.
தோற்றவள் நானும் உள்ளே போகமாட்டேன்.
வாக்கு என்றால் வாக்குதான்.
அவர் பதாகைக்குக் கீழே மட்டும் நிற்கமாட்டேன்.

வேதாளையில் இறங்கி,
எப்போதும்போல் பஸ்ஸின் விலாவில்
இரண்டு தட்டு தட்டினார்.

பாம்பன் பாலத்தில்
காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது.
முழங்காலில் அழுத்திப் பிடித்து
பதினொன்று என்றே எழுதினேன்.
திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.